ஆற்றோடு போன மண்ணின் மூச்சு

என் பெயர் சீனிமாயா. பெயரில் மட்டும்தான் சீனி இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். சொல்லட்டும். என் அம்மா சீதனமாகக் கொடுத்த செப்புக் குடத்தைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போய் ஒரு நாணல் பொம்மையின் வயிற்றுக்குள் வைத்துக் கட்டினால், எந்தப் பெண்டாட்டி இனிக்க இனிக்கப் பேசுவாள்?

அவர் பெயர் ஹீராகாஜி. பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். அது சோற்றுக்கு. மனசுக்கு அவர் சிற்பி. கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லிலும் வெண்கலத்திலும் செய்து பெரிய ஆளாகிவிட்டார்கள். இவர் மட்டும் மூங்கில், நாணல், வைக்கோல் என்று பிடிவாதமாக இருந்தார். கண்காட்சிக்கு அனுப்புவார். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நிலைக்காதே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது எங்கள் கொல்லையில் மழையில் நின்று காளான் பூக்கும். கடைசியில் நான் ஒடித்து அடுப்பில் வைப்பேன். அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார். நானும் சாப்பிடமாட்டேன். அது பாசத்தால் இல்லை, கோபத்தால்.

இப்படி இருக்கும்போதுதான் பத்மசோபா மேடம் அவரைக் கூப்பிட்டார். மேடம் பாட்டன் நகரத்துக்காரர். எங்கள் தெரு முடிந்து நக்கு ஆற்றுக்குச் சரிவு இறங்குகிற இடத்தில், கடுகு விளைந்துகொண்டிருந்த நிலத்தை வாங்கி, சிற்பத் தோட்டம் போட்டிருந்தார். இந்தக் காலத்து நேபாளச் சிற்பிகள் செய்ததுதான் அங்கே இருக்கும், அதுவும் திறந்தவெளியில். தெருக்காரர்களுக்கு டிக்கெட் கிடையாது என்று அவரே வீடு வீடாக வந்து சொன்னார். அப்படியும் யாரும் போகவில்லை. மைக்ரோபஸ் ஓட்டுகிற அஷ்டமான் அண்ணன் மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தெருவில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார், அவர் சொல்லுக்குத்தான் மரியாதை.

"உள்ள ஒரு கல்லு முட்டை இருக்கு. பைக் சைலன்சர வச்சு ஒரு எருமை செஞ்சிருக்கான். கொம்பு இருக்கு, மடி இல்ல. அதப் பாத்து நான் என்ன பண்ண?" என்றார். தெரு முழுக்க அதுவே தீர்ப்பாகிவிட்டது.

மேடம் தோட்டத்தைப் பெரிசாக்கிப் புதுப் பகுதி ஒன்று திறக்கப்போகிறார். அதில் ஒரு மேடை என் வீட்டுக்காரருக்கு. வாழ்க்கையில் முதல் மேடை. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு விருந்தாளிங்க வருவாங்க ஹீராகாஜி சார். அப்ப மேடை காலியா இருந்துச்சுன்னா, ஸ்டீல் மயிலுக்குக் குடுத்துடுவேன். அவர் தினம் போன் பண்றார்."

காத்மாண்டுவில் ஒருவர் ஸ்டீல் கரண்டிகளை வளைத்து மயில் செய்து வைத்துக்கொண்டு இடத்துக்காகக் காத்திருந்தார். அந்த மயில் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி, என் வீட்டுக்காரர் தூக்கத்தில்கூட அதைப் பற்றியே பேசினார்.

கொல்லையில் வேலை நடந்தது. உருவம் எழும்ப எழும்ப எனக்குச் சந்தேகம் வந்தது.

"மூணு காலு, பானை வயிறு, ஒத்தைக் கண்ணு. இது அரக்கன்தானே?" என்று கேட்டேன்.

"இது மண்ணின் மூச்சு. மூணு காலுன்னா விதை, பயிரு, அறுப்பு."

"கண்ணு?"

"அது கண்ணு இல்ல, கிணறு."

"அப்ப என் குடம்?"

"அது மூச்சு தங்குற எடம், சீனி."

"தங்கட்டும். எனக்குத் தண்ணி தங்க ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக் குடுங்க."

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் வேலை ஓடியது.

புதன்கிழமை விடியற்காலையில் நாலு ஆளை வைத்துத் தூக்கிப்போய் மேடையில் நிறுத்தினார். தார்ப்பாயால் மூடினார். வெள்ளிக்கிழமை மேடம் கையால் திறக்க வேண்டுமாம். அந்த மேடை தோட்டத்தின் கடைசி மூலையில் இருந்தது. அந்தப் பக்கம் மதில் இன்னும் எழும்பவில்லை. சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு நாற்சந்தி.

அன்றைக்குக் கதாமுக. நடவு முடிந்த கையோடு வருகிற பண்டிகை. அன்றைக்கு நாற்சந்தியில் மூன்று காலில் நாணல் அரக்கன் ஒருவன் நிற்பான். தெருவில் இருக்கிற நோய், பீடை, தரித்திரம் அத்தனையையும் அவன் தலையில் ஏற்றி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கயிறு கட்டி இழுத்துப்போய் ஆற்றில் தள்ளுவோம். தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. நேரே வீட்டுக்கு வந்து வாசற்படியில் இரும்பு ஆணி அடிக்க வேண்டும். இதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற இரண்டு பேர், கல்யாணம் செய்து இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறவர்கள், நாணல் உருவத்தை நாற்சந்தி ஓரத்தில் கதாமுகவன்று நிறுத்துகிறோமே என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அவருக்கு மயில் நினைப்பு. எனக்குக் குட நினைப்பு.

இன்னொரு கூத்தும் நடந்தது. வழக்கமாக அரக்கனைக் கட்டுகிறவர்கள் அஷ்டமான் அண்ணனின் தம்பிகள். ஒருவன் கொரியாவுக்குப் போய்விட்டான், இன்னொருவன் சிட்னியில் இருக்கிறான். கீழ்வீட்டார் செய்வார்கள் என்று மேல்வீட்டார் இருந்தார்கள், மேல்வீட்டார் செய்வார்கள் என்று கீழ்வீட்டார் இருந்தார்கள். மத்தியானம் அஷ்டமான் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் நாற்சந்தி வெறிச்சென்று கிடக்கிறது. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றவர் கண்ணில் தார்ப்பாய் பட்டது. தூக்கிப் பார்த்தார். மூன்று கால், பெரிய வயிறு, ஒற்றைக் கண்.

"எந்தப் புண்ணியவானோ செஞ்சு வச்சுட்டுப் போயிருக்கான்" என்றாராம். பிறகு கேட்பானேன். தூக்கிக்கொண்டு வந்து நாற்சந்தி நடுவில் நிறுத்தினார்கள். பெண்கள் இலை தழையைக் கட்டினார்கள். பிள்ளைகள் கந்தல் பொம்மைகளைத் தொங்கவிட்டார்கள். சுண்ணாம்பும் கரியும் பூசி முகம் எழுதி, சிவப்புத் துணியில் முழ நீளத்துக்கு நாக்கு வைத்தார்கள். மிஞ்சியதை அண்ணனின் பழைய சட்டை மூடியது.

நான் மாடியில் அவல் வறுத்துக்கொண்டிருந்தேன். திமே மேளம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரரும் பையை எறிந்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த வருஷம் யாரு செஞ்சாங்க? கை தேர்ந்த ஆளு. அந்த நிப்பப் பாரு சீனி, மூணு காலும் மண்ண எப்படிப் புடிச்சு நிக்குது" என்றார்.

அடுத்தவர் வேலையை அவர் வாய் திறந்து பாராட்டி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். தடதடவென்று இறங்கி ஓடினார். கூட்டத்துக்கு முன்னால் போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்தார். தான் வாத்தியார் என்றுகூடப் பார்க்காமல், சைலன்சர் எருமையிலிருந்து ஸ்டீல் மயில் வரைக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே ஆறுவரைக்கும் இழுத்தார். ஆற்றில் விழுந்த சத்தம் என் வீட்டு மாடிக்குக் கேட்டது. நல்ல பையனாகத் திரும்பிப் பார்க்காமல் வந்து வாசற்படியில் ஆணி அடித்தார். எருமைக்கறியும் அவலும் வைத்தேன். ஐலா சாராயம் ஊற்றினேன். வெகு நாளைக்குப் பிறகு சிரித்துப் பேசினார்.

பொழுது சாயும்போது தூறல் போட்டது. "தார்ப்பாய் சரியா இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று போனவர், தார்ப்பாயை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சீனி, அந்தக் கை தேர்ந்த ஆளு நான்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஆற்றுக்கு ஓடினோம். பாலத்துக்குக் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. இலை தழை, சட்டை, நாக்கு எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. அவர் கட்டிய கட்டு ஒன்றுகூட அவிழவில்லை. வயிற்றுக்குள் என் குடம் பளபளத்தது. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது, தூக்கிக் கழுவித் துடைத்து நிறுத்திவிடலாம். அவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார்.

"எங்க போற?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. அஷ்டமான் அண்ணன். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

"என் சிற்பம் அண்ணே. தெரியாம இழுத்துட்டோம். எடுத்துக்கிறேன்."

"எடுத்துக்கிறியா? அதுல என் இடுப்பு வலி இருக்குடா."

"அண்ணே, அது கலைண்ணே."

"கலையோ கொலையோ. வண்டி ஓட்டி ஓட்டி ஒடிஞ்ச இடுப்பு. நேத்து கயித்த ஒரு இழு இழுத்தேன், உள்ள மளுக்குன்னுச்சு, அத்தோட வலி போயிடுச்சு. ராத்திரி மல்லாக்கப் படுத்துத் தூங்கினேன். இப்ப நீ அதத் திரும்பத் தெருவுக்குள்ள கொண்டு வந்தா, வலி நேரா யார் வீட்டுக்கு வரும்?"

ஆற்றில் தள்ளிய அரக்கனை யாரும் திரும்பக் கொண்டு வந்ததில்லை. அப்படி ஒரு கேள்வியே எங்கள் தெருவில் எழுந்ததில்லை. ஆனால் எழுந்த உடனே எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

"என் மருமக இருமல் அதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் எதிர்வீட்டுத் தீர்த்தமாயா அக்கா. "பையனுக்கு விசா ரெண்டு தடவை திரும்பி வந்துச்சே, அந்தத் தரித்திரத்தையும் நான்தான் அதோட காதுல சொல்லி அனுப்பினேன்."

"அக்கா, அதுக்குக் காதே கிடையாது" என்றார் என் வீட்டுக்காரர் பரிதாபமாக.

"நீ வைக்கல. நாங்க கத்தரிக்காயில வச்சோம்."

நான் விடுவேனா. "வியாதிய எல்லாம் நீங்களே வச்சுக்கங்க, என் குடத்த மட்டும் குடுங்க" என்று இறங்கினேன். "குடத்துலதான் எல்லாம் போய் உக்காந்திருக்கும், வேற எங்க உக்காரும்?" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழை வந்து சேர்ந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஒரு முழம் ஏறியது. மண்ணின் மூச்சு மெதுவாக அசைந்து, பாறையை விட்டு எழுந்து, மூன்று காலும் மேலே தெரிய ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பியது. குடம் லொடலொடவென்று சத்தம் போட்டுக்கொண்டே போனது. வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

"நிலைக்காதுன்னு அவங்க சொன்னது சரிதான் சீனி. இனிமே செய்யல. மூங்கில எடுத்து அடுப்புக்கு வச்சுக்க."

இதே வார்த்தையை நான் அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனுஷன் செய்யாமல் இருந்தால் வீட்டில் எனக்கு யாரோடு சண்டை? அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எனக்குக் கோபம்தான் பழக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு அஷ்டமான் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"இடுப்பு எப்படி இருக்குண்ணே?"

"பஞ்சு மாதிரி இருக்கு."

"யாரு புண்ணியத்துல?"

அவர் காதைச் சொறிந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்குத் தோட்டத்துக்கு வாங்க. என் வீட்டுக்காரர் வேலைய முடிக்காம மேடையக் காலியா விட்டுட்டார்னு அந்தம்மா நினைப்பாங்க. அவர் முடிச்சார், நாங்கதான் இழுத்துட்டுப் போனோம்னு உங்க வாயால சொல்லணும்."

"அந்தம்மா போலீசக் கூப்பிட்டா?"

"கூப்பிட்டா இடுப்பு வலி இல்லாம உள்ள உக்காந்துட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை நான் அவரைக் குளிப்பாட்டாத குறையாகக் கிளப்பிக் கூட்டிப்போனேன். விருந்தாளிகள் கல் முட்டையைச் சுற்றி நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காலி மேடைக்குப் பக்கத்தில் லாரி நின்றது. லாரியில் கரண்டி மயில். கிரேன் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் எங்களைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்கள நம்பினேனே சார்" என்றார். அவர் கத்தியிருந்தால்கூட என் வீட்டுக்காரர் தாங்கியிருப்பார்.

அப்போது மேளம் கேட்டது. அண்ணன் ஒருவரைத்தான் நான் கூப்பிட்டேன். தெருவே வந்தது. பெண்கள் சிவப்புக் கரை போட்ட கறுப்புச் சேலை கட்டியிருந்தார்கள். அண்ணன் தலையில் தொப்பி. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நேராக மேடைக்கு வந்தார்கள். மேடம் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அத்தனை வருஷமும் வா வா என்றபோது வராத ஜனம்.

"மேடம், இவன் மேல தப்பு இல்ல" என்றார் அண்ணன். "இங்க நின்னுச்சு. தார்ப்பாயத் தூக்கினது நான். கயிறு கட்டினதும் நான். முந்தாநேத்து வரைக்கும் என்னால குனிய முடியாது. இப்பப் பாருங்க." விருந்தாளிகளுக்கு முன்னால் குனிந்து கால் விரலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். இன்னொரு தடவையும் செய்து காட்டினார்.

தீர்த்தமாயா அக்கா இருமலைச் சொன்னாள். அவள் மருமகள் முன்னால் வந்து இருமாமல் நின்று காட்டினாள். விசா இன்னும் வரவில்லை, ஆனால் வந்துவிடும் என்றாள் அக்கா. ஒவ்வொருவராகத் தாங்கள் ஏற்றி அனுப்பியதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கல் முட்டையை விட்டுவிட்டு விருந்தாளிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். ஒருவர் வெறும் மேடையைப் போட்டோ எடுத்தார்.

மேடம் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இவங்க இழுக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நானும் இழுத்தேன் மேடம். முன் கயிறு."

"அதுக்கு முன்னாடி ஜன்னல்ல நின்னு என்ன சொன்னார்னு கேளுங்க மேடம்" என்றேன். "யாரோ கை தேர்ந்த ஆளு செஞ்சிருக்கான்னார்."

மேடம் சிரித்தார். சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விருந்தாளிகளும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கிரேன்காரர் மயிலைத் தூக்கலாமா என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க மேடம்" என்று அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "மயிலு நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்லல. ஆனா அத எங்களால இழுக்க முடியாதே. அடுத்த கதாமுகவுக்கு எங்களுக்கு என்ன வழி? என் தம்பிங்க திரும்பி வரப்போறதில்ல. இவன் செஞ்சது மாதிரி வேற யாரும் செய்யவும் மாட்டாங்க."

மேடம் கூட்டத்தைப் பார்த்தார். வெறும் மேடையைப் பார்த்தார். "மயிலைக் குளத்தங்கரைக்குக் கொண்டு போங்க" என்றார் லாரிக்காரரிடம். "இந்த மேடை ஹீராகாஜி சாரோடது. செஞ்சு நிறுத்துங்க. கதாமுக வரைக்கும் இங்க நிக்கட்டும். அன்னைக்கு இவங்க எடுத்துக்கட்டும். மறுபடி செய்ங்க."

மேளம் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"வருஷா வருஷம் ஆத்துல போனா, என் வேலைன்னு எதுதான் நிக்கும்?" என்று என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

"நின்ன வேலையெல்லாம் யாரு பாத்தா? என் அடுப்பு பாத்துச்சு" என்றேன். "இது ஒண்ணத்தான் தெருவே கை வச்சு இழுத்துச்சு. இன்னமும் உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் கொஞ்ச நேரம் கழித்து அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போய், காதை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

புது உருவம் தசைன் பண்டிகைக்கு முன்பே மேடை ஏறிவிட்டது. அதன் வயிற்றில் மண்பானை வைத்திருந்தார். குடம் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு நடை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கதாமுக வரட்டும், உனக்கு இருக்கு என்று அதனிடமே சொல்லிவிட்டு வருவார்கள். போகிற வழியில் சைலன்சர் எருமையையும் தட்டிக் கொடுத்தார்கள்.

மறுவருஷம் கதாமுகவுக்கு முந்தின நாள் அவர் கட்டுகளைச் சரிபார்க்கக் கிளம்பினார். நான் புழங்காமல் பரணில் பத்திரமாக வைத்திருந்த இரண்டாவது செப்புக் குடத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது உங்க அப்பா குடுத்ததாச்சே" என்றார்.

"ஆமா. பானை இழுக்கற இழுப்புல உடஞ்சிரும். இத வச்சு நல்லா இறுக்கிக் கட்டுங்க. போன தடவை லொடலொடன்னு ஆடிச்சு."

அவர் குடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றேன். "நாளைக்கு முன் கயித்த நான் புடிப்பேன். நீங்க பின்னால வாங்க. ஒரு தடவையாவது அதக் கண்ணால பாத்துக்கிட்டே வாங்க."